இன்ட்64_டியை அச்சிட என்ன எழுதுவது?

சி மொழியில் யாராவது எழுதிய நிரலைப் பார்க்கக் கொடுத்தால் நான் முதலில் தேடுவது திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் வரிகளைத்தான். மாறியை இன்ட்64_டி (64 பிட் முழு எண் வகை) என்று கவனமாக அறிவித்திருப்பார்கள், அச்சிடும் இடத்தில் மட்டும் பழக்கதோஷத்தில், இன்ட்டுக்கான %டி என்றோ லாங்குக்கான %எல்டி என்றோ இருக்கும். 64 பிட் லினக்ஸில் %எல்டி ஒழுங்காக ஓடும், கம்பைலரும் ஒன்றும் சொல்லாது. அதே கோப்பை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் பெரிய எண்கள் தப்பாக வரும்.

சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமான சி99ன்படி இன்ட்64_டி மிகச் சரியாக 64 பிட், அவ்வளவுதான். அது உள்ளுக்குள் லாங் என்ற முழு எண் வகையா, லாங் லாங் என்ற வகையா என்பது ஒவ்வொரு தளத்தின் விருப்பம். 64 பிட் லினக்ஸில் லாங். விண்டோஸில் லாங் என்பதே 32 பிட்தான், எனவே அங்கே லாங் லாங். மேக்கில் லாங் 64 பிட்டாக இருந்தும் லாங் லாங் என்றே வைத்திருக்கிறார்கள்.

பிரிண்ட்எஃப்புக்கு நாம் என்ன அனுப்பினோம் என்று தெரியாது, %டி போன்ற குறிகள் உள்ள ஃபார்மட் சரத்தை நம்பித்தான் அது படிக்கிறது. 32 பிட் இன்டெல் லினக்ஸில் "%டி %எஸ்" என்று எழுதி, 5 என்ற மதிப்புள்ள ஒரு இன்ட்64_டியையும் ஒரு பெயரையும் அனுப்பிப் பாருங்கள். அந்த 5 ஸ்டாக்கில், அதாவது அனுப்பிய மதிப்புகள் வரிசையாக இருக்கும் நினைவகத்தில், 8 பைட் பிடித்திருக்கும், %டி முதல் 4 பைட்டை எடுத்து 5 என்று சரியாகவே அச்சிடும், அப்புறம் %எஸ் மீதி 4 பைட்டை, அதாவது பூஜ்யத்தை, பெயரின் முகவரி என்று நினைத்து எடுக்கும். பெயர் வர வேண்டிய இடத்தில் (null) என்று வரும். 5க்குப் பதில் -5 அனுப்பினால் நிரலே விழுந்துவிடும். 64 பிட்டில் இப்படி விழாது, அதுதான் இன்னும் மோசம்: சின்ன எண்கள் எல்லாம் சரியாக வந்துகொண்டே இருக்கும், ஒருநாள் 5000000000 வரும்போது திரையில் 705032704 என்று நிற்கும்.

இதற்கான தீர்வும் சி99லேயே இருக்கிறது. இன்ட்டைப்ஸ்.ஹெச் கோப்பைச் சேர்த்துவிட்டு இப்படி எழுத வேண்டும்:

பிரிண்ட்எஃப்("மொத்தம் %" பிஆர்ஐடி64 "\என்", மொத்தம்);

பிஆர்ஐடி64 என்பது ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும்போது வேறு எழுத்தாக மாற்றப்படும் பெயர். அது 64 பிட் லினக்ஸில் "எல்டி" ஆகவும் விண்டோஸில் "எல்எல்டி" ஆகவும் விரியும், பக்கத்துப் பக்கத்தில் உள்ள சரங்களைக் கம்பைலர் ஒன்றாக ஒட்டிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் % குறியை மேக்ரோவுக்கு வெளியே விட்டது நல்ல யோசனை, அதனால்தான் "%08" பிஆர்ஐஎக்ஸ்32 என்று அகலத்தையும் சேர்த்து எழுத முடிகிறது.

மேக்ரோ பிடிக்கவில்லை என்றால் மதிப்பை லாங் லாங்காக மாற்றி %எல்எல்டி போடுங்கள், பிரிண்ட்எஃப்புக்கு அதுவும் சரியே. உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப்புக்கு இது ஆகாது. அங்கே போவது மதிப்பு அல்ல, முகவரி. ஒரு யூஇன்ட்8_டியின் முகவரியைக் கொடுத்து %டி என்று படித்தால் அது 4 பைட் எழுதும், பக்கத்தில் இருக்கும் 3 பைட் போச்சு. எனவே படிக்கும்போது எஸ்சிஎன்யூ8 போன்ற மேக்ரோக்களைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

சி23 என்ற புதிய தரத்தில் %டபிள்யூ64டி என்று நேரடியாகவே எழுதலாம், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2.38லிருந்து வேலை செய்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பல தளங்களில் ஓட வேண்டிய நிரலில் இப்போதைக்கு மேக்ரோதான் என் தேர்வு.

ஜிசிசி கம்பைலரில் -டபிள்யூஆல் என்ற எச்சரிக்கை விருப்பத்தைப் போட்டாலே இந்தத் தப்புகளில் பெரும்பாலானவை வார்னிங்காக வந்துவிடும். ஆனால் லாக் எழுத நீங்களே ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தால் அதற்குள் கம்பைலர் பார்க்காது. அதையும் பிரிண்ட்எஃப் போலச் சரிபார்க்கச் சொல்லும் ஃபார்மட் ஆட்ரிப்யூட்டை அதன் அறிவிப்பில் சேர்த்துவிட்டு ஒருமுறை முழுதாகக் கம்பைல் செய்து பாருங்கள்.