மோர் ஊற்றாத கம்பங்கூழ்

பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுவிட்டு, தீட்டாத தானியங்களைக் கொண்டே அன்றாடச் சமையலை நடத்திப் பார்ப்பது என்று தொடங்கியபோது, தமிழ்ச் சமையலில் விடுவதற்குக் கடினமானது தயிர்தான் என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. சாம்பார், ரசம், புளிக்குழம்பு, கூட்டு, சுண்டல், துவையல் என்று நம் சமையலில் பெரும்பகுதி, நெய்த் தாளிப்பை நல்லெண்ணெய்க்கு மாற்றினாலே, விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத நனிசைவமாகிவிடுகிறது (வீகன்). சிக்கல் எல்லாம் மோர்ச்சோற்றில் இருக்கிறது. சிறுதானியத்துக்கு வரும்போது அது இன்னும் கூடுகிறது. கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் மோர் ஊற்றிக் கரைப்பதுதானே வழக்கம். ஆகவே கம்பையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

தானியம் வாங்குவதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை களத்தில் அடித்துத் தூற்றும்போதே உமி நீங்கிவிடுபவை. எனவே கடையில் மணியாகக் கிடைப்பது பெரும்பாலும் முழுத் தானியம்தான். தினை, சாமை, வரகு, குதிரைவாலி அப்படியல்ல. அவற்றின் கெட்டியான உமியை ஆலையில் கொடுத்துத்தான் நீக்க முடியும். நீக்கும்போதே தவிட்டையும் தீட்டிவிட்டால், பெயர் சிறுதானியமாக இருந்தாலும் கையில் வருவது வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பொருள். தீட்டாத சாமை மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும்; அள்ளினால் விரலில் மெல்லிய தவிட்டுத் தூள் ஒட்டும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது விரைவில் சிக்குவாடை அடிக்கும், அதனாலேயே கடைக்காரர்கள் அதிகம் வாங்கி வைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சிறுதானியப் பெயரில் பிஸ்கட்டும் நூடுல்ஸும் குவிந்தன. அட்டையைத் திருப்பிப் படித்தால் மைதாவும் சர்க்கரையும் முன்வரிசையில் இருப்பவை அவற்றில் பல. நான் மணியாக மட்டுமே வாங்குகிறேன்.

கம்பை வழக்கமாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலிலோ மிக்சியிலோ இடித்து, மேல்தோலைப் புடைத்துவிட்டுத்தான் சமைப்பார்கள். நான் புடைப்பதை நிறுத்திப் பார்த்தேன். கம்பைக் கழுவி, நீரை வடித்து, துணியில் அரைமணி நேரம் பரப்பி வைத்து, ஈரம் உள்ளே இறங்கியதும் மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றினால் ரவை போல உடைந்துவிடுகிறது. ஒரு பங்கு ரவைக்கு நான்கு பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, ரவையைக் கட்டி விழாமல் தூவிக் கிளறி, தீயைக் குறைத்து மூடி வைக்க வேண்டும். வேக ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கிறது. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தோல் இருப்பதால் நிறம் சற்றுக் கருகலாகவும், நாவில் லேசான சொரசொரப்பாகவும் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது.

ஆறிய சோற்றை உருண்டை பிடித்து, மண்சட்டியில் உருண்டைகள் முழுகும்படி தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் வைத்தால், காலையில் அந்தத் தண்ணீரே இளம் புளிப்போடு இருக்கும். மோர் செய்யும் வேலையில் முக்கால் பங்கை இந்த நீரே செய்துவிடுகிறது. ஓர் உருண்டையை அதிலேயே கரைத்து, கல்லுப்பு, தட்டிய சின்ன வெங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை சேர்த்துக் குடித்தால் மோரின் நினைவு வருவதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இரண்டாம் நாள் உருண்டையின் புளிப்பு மோரைவிடக் கூர்மையானது, அது எனக்கு இப்போது தனியாகவே வேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் இரண்டாம் நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. தொட்டுக்கொள்வதில்தான் எதிர்பாராத கண்ணி இருக்கிறது: மோர்மிளகாயும் சுண்டைவற்றலும் மோரில் ஊறிக் காய்ந்தவை. உப்பு நீரில் அவித்துக் காயவைத்த கொத்தவரை வற்றல், சுட்ட மிளகாய், மாங்காய்க் கீற்று ஆகியவை அந்த இடத்தை நிரப்பிவிட்டன.

அடை எளிதாக அமைந்தது. கம்பு, சோளம், பாசிப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து இரவு ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பெருஞ்சீரகம், இஞ்சி சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் அரிசியே தேவைப்படுவதில்லை. சோளம் மட்டும் ஊறுவதற்கு நேரம் கேட்பதால் அதைப் பகலிலேயே ஊறப்போட்டுவிடுகிறேன். மாவைக் கல்லில் தட்டி நடுவில் துளையிட்டு, இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் விட்டு நிதானமாகச் சுட வேண்டும். அவசரப்பட்டால் கொண்டைக்கடலையின் பச்சை வாடை போகாது. அடைக்குத் துணையான அவியலில் தயிருக்குப் பதிலாகப் புளிப்பு மாங்காயைக் காய்களோடு சேர்த்து வேகவிட்டேன். கேரளத்தில் பல வீடுகளில் மாங்காய் போட்டே அவியல் செய்கிறார்கள் என்பதால் அதில் புதுமை ஒன்றுமில்லை. இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டால் தயிர் இல்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

தயிருக்கு நேரடி மாற்றாக நிலக்கடலைத் தயிரையும் முயன்று வருகிறேன். ஒரு கோப்பைப் பச்சை நிலக்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கோப்பைத் தண்ணீரோடு அரைத்துத் துணியில் வடிகட்டி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே பச்சை வாடை போகக் காய்ச்ச வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்புகள் ஏழெட்டை அதில் போட்டு மூடிவைத்தால், காம்பில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கச் செய்கின்றன. முதல் உறை நீர்த்தும் கடலை வாசம் தூக்கலாகவும் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த கடலைப் பாலுக்கு உறையிட்டால் கெட்டிப்படுகிறது. சாமைச் சோற்றில் பிசைந்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் நன்றாகவே இருக்கிறது. வெறும் மோராகக் கடைந்து குடிக்க மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பாலை நிறுத்தியதும் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக் கூறு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தானியத் தோலில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதில் ஒரு பகுதியை உடல் எடுத்துக்கொள்ள விடாது என்பதால், ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் சுவைக்கு மட்டுமான வேலைகள் அல்ல. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டு, வெண்முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவில் புட்டு அவித்தால் வெல்லம் குறைவாகவே போதுகிறது. முளைவிடும்போதே தானியம் தானாக இனித்துவிடுகிறது. வைட்டமின் பி12 மட்டும் எந்தத் தானியத்திலும் பயறிலும் நமக்குக் கிடைக்காது. அதை மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்கிறேன்.

இனிப்பில் முதலில் நினைவுக்கு வருவது தேனும் தினைமாவும்தான். முருகனுக்கே உரிய படையலாயினும், நனிசைவக் கணக்கில் தேன் சேராது. கருப்பட்டியைப் பாகாக்கி வடிகட்டி, வறுத்தரைத்த தினைமாவில் சூட்டோடு ஊற்றி, ஏலமும் சுக்கும் சேர்த்து உருண்டை பிடித்தேன். தேனின் மென்மை வராவிட்டாலும், கருப்பட்டியின் கரிப்புக் கலந்த இனிப்பு தினையின் வறுத்த மணத்தோடு பொருந்துகிறது. விருந்தாளிகள் வந்தால் கருப்பு கவுனிப் பாயசம்தான். அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து, கருஞ்சிவப்பாக இறங்கிய அதே தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் பாதி நிறமும் அதோடு போய்விடும். கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கொதித்த பின், அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டு, முதல் தேங்காய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் திரிந்து நிற்கும். நெய்யில் வறுத்த முந்திரிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பற்களைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்துப் போடுகிறேன்.