கூடுவிட்டுக் கூடு பாயும் சத்தம்

ஒக்டோபர் 4, சனி

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசன் தன் உடலைக் காட்டில் கிடத்திவிட்டுச் செத்த கிளிக்குள் புகுகிறான். மந்திரத்தை ஒட்டுக்கேட்ட அமைச்சன் அந்த வெற்றுடலுக்குள் புகுந்து அரண்மனைக்குப் போய்விடுகிறான். இது விக்கிரமாதித்தன் கதைகளின் வழியில் எழுதிய 22 நிமிட ஒலி நாடகத்துக்குச் சத்தம் பதிந்த குறிப்பு. மாயம் நடக்கும் இடங்கள் நான்கு: குகை திறப்பது, முனிவர் மறைவது, அரசன் கிளியாவது, கிளி மறுபடி அரசனாவது.

படம் இல்லாததால் புகையும் மின்னலும் உதவிக்கு வரா. ஆனாலும் படக்காரரிடம் கற்க ஒன்று இருக்கிறது. 1896இல் ஜோர்ஜ் மெலியே ஒரு பெண்ணைக் கதிரையில் இருத்தித் துணியால் மூடினார். கமராவை நிறுத்தி, அவளை எழுப்பி அனுப்பிவிட்டுத் திரும்ப ஓடவிட்டார். அவ்வளவுதான் தந்திரம். அதில் கடினமான வேலை பெண்ணுக்கல்ல, கதிரைக்கும் சுவருக்கும். அவை ஒரு நூலளவு அசைந்தாலும் மாயம் போய் வெட்டு மட்டும் தெரியும். ஆகவே ஒவ்வொரு மாயத்துக்கும் முதலில் எழுதிக்கொண்டது, அந்தக் கணத்தில் எது மாறக்கூடாது என்பதை.

இன்று பதிந்தது கொழும்பு வெள்ளவத்தை அறையின் வெறும் சத்தம் மட்டும், 2 நிமிடம். வாகனம் ஓயாத காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் இரவு பத்தரைக்கு முன் பயனில்லை. ஃபானை நிறுத்த வேண்டும், பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தியதை மறக்காமலிருக்க வீட்டுத் திறப்பை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது நல்லது. திறப்பில்லாமல் யாரும் வெளியே போக முடியாதே.

ஒக்டோபர் 5, ஞாயிறு

முனிவர் மறைவது. கைக்கு முதலில் வருவது பார் சைம்ஸ், அதாவது வரிசையாகத் தொங்கும் உலோகக் குச்சிகளைத் தடவினால் வரும் அந்த “ச்சிலிங்”. ஸ்டூடியோக்களில் 1960களின் பிற்பகுதியில் நுழைந்து, பாட்டிலும் படத்திலும் விளம்பரத்திலும் தேய்ந்துவிட்ட சத்தம். சவர்க்கார விளம்பரத்துக்கும் சாமி தோன்றுவதற்கும் அதே ச்சிலிங். எடுத்து வைத்துவிட்டோம்.

செய்தது இது. முனிவருக்கு மூன்று சின்னச் சத்தங்கள் கொடுத்தோம்: உருத்திராட்ச மாலை உரசல், மூச்சு, மரப் பாதுகை. அவர் பேசும் நேரம் முழுக்க மூன்றும் அடியில் ஓடுகின்றன. மறையும் கணத்தில் மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டப்படுகின்றன. காட்டுச் சத்தம் அப்படியே தொடர்கிறது. அதன் மேல் ஒன்றும் வைக்கவில்லை.

முதல் தடவை பிழையாகிவிட்டது. குரல் பாதையில் இரைச்சலைத் தானாக மூடும் கேட் போட்டிருந்தோம். குரல் நின்றதும் கேட் மூடியது, குரலோடு பதிவாகியிருந்த அறைச் சத்தமும் போய்விட்டது. கேட்டவர் சொன்னது: “அண்ணை, லைன் கட் ஆகிட்டுதோ?” ஆள் மறைந்ததாக அவருக்குப் படவில்லை, ஃபைல் முடிந்ததாகப் பட்டிருக்கிறது. கேட்டை எடுத்து, வெட்டிய இடத்தில் நேற்றுப் பதிந்த அறைச் சத்தத்தை 10 மில்லிசெக்கன் கலந்து ஒட்டியதும் சரிவந்தது.

காட்டுச் சத்தம் தலங்கம ஈரநிலத்தில் மழைக்குப் பின் எடுத்தது. 20 செக்கன் துண்டைச் சுழலவிட்டால் ஒரு குறிப்பிட்ட தவளை திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். துண்டு 2 நிமிடத்துக்குக் குறையக்கூடாது.

ஒக்டோபர் 6, திங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை)

வாகனம் குறைந்த நாள் என்பதால் பகலிலேயே குகைக் கதவு.

அம்மியில் குழவியை ஈரமில்லாமல் மெதுவாக இழுக்க வேண்டும். ஈரம் பட்டால் வழுக்கி அரைக்கிற சத்தமாகிவிடும், எல்லோருக்கும் சம்பல் ஞாபகம் வரும். கரடுமுரடு போதாவிட்டால் ஒரு சிட்டிகை ஆற்றுமணல் தூவலாம். மைக் 20 சென்டிமீற்றர் தூரத்தில், அம்மியின் கீழ் மடித்த சாக்கு. இழுப்பு 6 செக்கன். பிறகு கணனியில் பாதி வேகம்: 12 செக்கனாக நீளும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், இரண்டு கிலோக் குழவி இரண்டு தொன் பாறையாகும். ஆனால் 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்ததைப் பாதியாக்கினால் மேற்சத்தம் 12 கிலோஹேர்ட்ஸோடு நின்று மங்கும். இப்படி மெதுவாக்கப் போகும் சத்தங்களை 96இல் பதிய வேண்டும், மைக்கும் அந்த உயரத்துக்குக் கேட்கிற மைக்காக இருக்க வேண்டும்.

கதவு திறக்கும் சொல் பற்றி ஒரு குறிப்பு. 1956இல் மொடர்ன் தியேட்டர்ஸின் வண்ணப் படத்தில் எம்.ஜி.ஆர். வாயால் “திறந்திடு சீசேம்” தமிழில் நிலைத்துவிட்டது. சீசேம் என்றால் எள். “எள்ளே திற” என்று மொழிபெயர்த்திருந்தால் கதவு திறந்திருக்காது, செக்குத்தான் ஓடியிருக்கும். மந்திரச் சொல்லுக்குப் பொருள் தெரியக்கூடாது. நம் நாடகத்து முனிவரும் பொருளற்ற ஐந்து அசைதான் சொல்கிறார், கடைசி அசை ‘ம்’மில் முடிகிறது. உதடு மூடிய பின்னும் மூக்கால் இழுக்க முடிவதால் கதவுச் சத்தத்தை அதன் அடியிலிருந்தே கிளப்பலாம். ‘ட்’டிலோ ‘க்’கிலோ முடிந்தால் நடுவில் ஓட்டை விழும்.

ஒக்டோபர் 9, வியாழன்

ஸ்பிரிங் சுருளின் ஒரு நுனியில் கடுதாசிக் கோப்பையைப் பொருத்தி, மறு நுனியைத் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினால் “பியூவ்” என்று மேலிருந்து கீழே வழுக்கும் சத்தம் வரும். சுருளில் உயர் அதிர்வுகள் முந்தி ஓடி வருவதும் தாழ்ந்தவை பிந்துவதுமே காரணம். புறக்கோட்டை நடைபாதையில் கிடைக்கும் வானவில் நிறப் பிளாஸ்டிக் சுருளில் இது வராது. பிளாஸ்டிக் அதிர்வைத் தின்றுவிடும், இரும்புச் சுருள் வேண்டும். எப்படியும் அது விண்வெளித் துப்பாக்கிச் சத்தம். அரசன் கதையில் வேண்டாம்.

ஒக்டோபர் 11, சனி

முழுநாளும் ஜலதரங்கம், தண்ணீர் ஊற்றிய கோப்பைகளைத் தட்டும் வாத்தியம்.

மாயத்துக்குத் தனி ஸ்வரம் இருக்கிறதா என்றால், மேற்கே இருக்கிறது: எல்லா இடைவெளியும் சமமாக வரும் முழுத்தொனி வரிசை. நம் பக்கத்தில் அதே ஸ்வரங்கள் கோப்ரியா ராகத்தில் உண்டு: ச ரி2 க3 ம2 த1 நி2. பஞ்சமம் (ப) இல்லை, சுத்த மத்திமமும் (ம1) இல்லை. காது வீடு திரும்ப வழக்கமாகப் பிடிக்கும் கைப்பிடி இரண்டையும் கழற்றியாயிற்று, ஆதலால் எந்த ஸ்வரத்தில் நின்றாலும் மிதக்கும். தம்புரா செயலியை வழக்கப்படி ச-ப வில் ஓடவிட்டால் அத்தனையும் வீண். பஞ்சமம் பின்னணியில் ஒலித்ததும் மிதப்பு இறங்கி, இது ஏதோ அபஸ்வரப் பாட்டு என்று ஆகிவிடும். சுருதியை ச மட்டும் வைக்கவேண்டும், அல்லது வேண்டவே வேண்டாம்.

ஏழு பீங்கான் கோப்பைகள். மிகச் சின்னதை வெறுமையாகத் தட்டினால் 1400 ஹேர்ட்ஸ் காட்டியது, அதுவே மேல் ச. அதில் பாதி 700, கீழ் ச. இடையில் ஒவ்வொன்றையும் 1.1225ஆல் பெருக்கினால்: 786, 882, 990, 1111, 1247. போனில் இலவச ரியூனர் செயலி போதும்.

தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும். போத்தல் வாயில் ஊதும்போது இதற்கு நேர்மாறு, தண்ணீர் கூடினால் சுருதி ஏறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்த்திசையில் ஊற்றுவதுதான் முதல் நாள் எல்லோரும் விடும் பிழை. கோப்பையின் அடிப்பாதியில் எவ்வளவு ஊற்றினாலும் ஊசி அதிகம் நகராது, விளிம்பை நெருங்கினால் ஒரு தேக்கரண்டிக்கே துள்ளும். அதிர்வு விளிம்பில்தான் அதிகம், அங்கே சேரும் பாரம்தான் அதைத் தடுக்கும். ஆகவே கடைசி இரண்டு சென்டிமீற்றருக்கு மருந்து ஊட்டும் சிரிஞ்ச் நல்லது. குழாய்த் தண்ணீரை உடனே ஊற்றித் தட்டினால் குமிழிகளால் மந்தமாகக் கேட்கும், அரை மணி நேரம் வைக்க வேண்டும். அடியில் ஈரத்துணி, தட்டுவதற்கு மெல்லிய மூங்கில் குச்சி. ஸ்டீல் கரண்டி பட்டால் தேநீர்க் கடை.

மாலை நாலரைக்கு மூன்றாம் பதிவின் நடுவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. கோப்ரியாவின் மேல் பேத்தோவனின் “எலிஸுக்காக”. பாண் வாங்கிக்கொண்டு மறுபடி.

ஒக்டோபர் 12, ஞாயிறு

உடல் மாறும் சத்தம் குசினியில் கிடைத்தது.

தடித்த பீங்கான் மக்கில் அப்போதே கொதித்த தண்ணீர் 250 மில்லிலீற்றர். குவித்த இரண்டு தேக்கரண்டி நெஸ்டமோல்ட் பான மா போட்டு, ஐந்து செக்கன் வேகமாகக் கலக்கி, கரண்டியால் மக்கின் உள் அடியைச் செக்கனுக்கு மூன்று தரம் தட்டுங்கள். முதல் தட்டு மந்தமாக, “டொக்”. பிறகு தட்டத் தட்ட, யாரும் எதையும் தொடாமலே, சுருதி ஏறிக்கொண்டே போகும். மாவோடு புகுந்த காற்றுக் குமிழிகள் தண்ணீரை மென்மையாக்குவதால் அதனுள் ஒலியின் வேகம் விழுந்துவிடுகிறது. குமிழிகள் மேலேறி வெளியேற வேகம் மீள்கிறது. மறுபடி கலக்கினால் மறுபடி இறங்கும்.

குளிர்ந்த தண்ணீரில் குமிழி போதாது. சுவரில் தட்டினால் மக்கின் சத்தம் மேலோங்கிவிடும், எனவே அடியில்தான். மைக்கை மக்குக்கு நேர் மேலே பிடித்தால் ஆவி ஏறி அது கெட்டுவிடும், பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அரசன் கிளியாவதற்கு ஏறும் பதிவு. கிளி அரசனாவதற்கு அதையே பின்னோக்கி ஓட்டலாம் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு தட்டும் முன்பின் மாறி உறிஞ்சும் சத்தமாகிவிடுகிறது. தட்டிக்கொண்டே மறுபடி கலக்கி எடுத்தால் இயற்கையாக இறங்குகிறது.

ஒக்டோபர் 15, புதன்

பின்னேர இடிமழை. பக்கத்து வீட்டு அமானோ கூரை ஷீற்றில் கொட்டியதை மட்டும் பதிந்து மூடியாயிற்று.

ஒக்டோபர் 18, சனி

மந்திரம். பட வழக்கப்படி உடுக்கு அடிக்கச் சொன்னார்கள். மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை பாடும் சடங்குக்கு அடிக்கும் உடுக்கை ஒட்டுக்கேட்பவனின் சூதுக்கு அடிப்பது எங்களுக்கு ஒட்டவில்லை. வேண்டாம்.

எதிரொலி முன்னால் வந்து சொல் பின்னால் வருவதுதான் எடுபட்டது. ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் செய்முறை: குரல் துண்டைத் தேர்ந்து முன்பின் புரட்டுங்கள். துண்டின் முடிவில் 3 செக்கன் வெறுமை சேருங்கள். வெறுமையையும் சேர்த்துத் தேர்ந்து ரிவேர்ப் (எதிரொலி) போடுங்கள். முழுவதையும் மறுபடி புரட்டுங்கள். இப்போது சொல் நேராகக் கேட்கும், அதன் எதிரொலி மட்டும் முன்கூட்டியே வீங்கி வந்து சொல்லில் முடியும். வெறுமையைச் சேர்க்காவிட்டால் ரிவேர்ப்பின் வால் தேர்ந்த எல்லையில் வெட்டுப்பட்டு, புரட்டிய பின் மொட்டையாகத் தொடங்கும்.

சொல்லையே பின்னோக்கி ஓட்டிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. ‘மரா மரா’ என்று செபித்து ‘ராம’ ஆன கதை நம்மிடம் இருக்கிறதல்லவா. ஆனால் அது எழுத்தைத் திருப்புவது. ஒலியைத் திருப்பினால் மெய்யும் உயிரும் இடம் மாறும்: ‘மரா’ பின்னோக்கி ஓடினால் ‘ஆரம்’. விகடகவிகூட ஒலிநாடாவில் விகடகவியாக வராது, ‘இவகடகிவ்’ என்று வரும். ஒரு மணி நேரம் இதிலேயே போனது, வருத்தமில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வெடி. மைக் பெட்டிக்குள்.

ஒக்டோபர் 25, சனி

மீதி எல்லாம் இதற்கான முன்வேலை என்றே சொல்லலாம். கிளிக்குள் அரசன், அரசனுக்குள் அமைச்சன். யார் யாருடைய குரலில் பேசுவது?

1957இன் தெலுங்கு மாயாபஜாரில் கடோற்கஜன் சசிரேகா உருவெடுக்கிறான். நடிப்பது சாவித்திரி. முகமும் சீலையும் சசிரேகாவுடையவை, நடையும் முறுக்கும் ராட்சசனுடையவை. உடல் மாறியது, ஆள் மாறவில்லை. கண்ணால் அதைக் கண்டுபிடிக்கிற சந்தோசம்தான் அந்தக் காட்சி. காதில் அதைச் செய்ய, குரலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தொண்டையின் நிறம் உடலுக்குச் சொந்தம். வேகம், மூச்சு விடும் இடம், வாய்ப்பழக்கம் உயிருக்குச் சொந்தம்.

அரசனுக்கு ஒரு பழக்கம் முதற்காட்சியிலேயே நட்டிருக்கிறது: கட்டளைக்கு முன் நாக்கை ஒருமுறை “ச்” என்று தட்டுவார். அமைச்சர் வாக்கியத்தின் நடுவில் மூச்செடுப்பார்.

கிளிக்கு: அரசன் நடிகரே பேசுகிறார். சுருதியை மென்பொருளில் 5 அரைத்தொனி ஏற்றிப் பார்த்தோம், கார்ட்டூன் அணிலாகிவிட்டது. கைவிட்டு, அரை அங்குல பிவிசி குழாய் 30 சென்டிமீற்றர் வெட்டி, ஒரு முனையில் வாய், மறு முனையில் மைக். குழாய் ஏறக்குறைய 570 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒத்ததிர்வதால் குரல் சின்னத் தொண்டைக்குள் போய்விடுகிறது. ச, ஸ மங்கும், ஆகையால் குழாயில்லாத இரண்டாவது மைக்கை மூன்றில் ஒரு பங்கு கலந்தோம். ப வரும் இடங்களில் காற்று நேரே மைக்கில் இடிக்கும். மைக்கைக் குழாய் வாய்க்கு நேராக வைக்காமல் சற்று விலக்க வேண்டும். “ச்” மட்டும் குழாயில்லாமல், அச்சொட்டாகப் பழையபடி.

போலி அரசனுக்கு இதன் மறுதலை. முதலில் அமைச்சன் நடிகர் வசனத்தைத் தன் பாணியில் பேசிப் பதிந்தார். அதை அரசன் நடிகர் ஒரு காதில் கேட்டுக்கொண்டே அரை செக்கன் பின்தங்கிப் பேசினார், மூச்சையும் அதே இடத்தில் எடுத்து. இரண்டு காதிலும் மாட்டினால் தன் குரல் கேளாமல் கத்தத் தொடங்குவார். ஏழாவது பதிவில்தான் ஒத்துவந்தது. குரல் அரசனுடையது. ஆனால் அரசி ஏன் தயங்குகிறாள் என்று இனி யாரும் விளக்கத் தேவையில்லை. எழுதியிருந்த “இவர் நடத்தையே மாறிவிட்டதே” என்ற வசனத்தை வெட்டிவிட்டோம்.

ஒக்டோபர் 29, புதன்

கலவை. ஹெட்போனில் மலைபோல உருண்ட அம்மிக் கதவு போன் ஸ்பீக்கரில் இல்லவே இல்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடித்தொனியைத் தர முடியாது. மெதுவாக்காத மூலப் பதிவை 12 செக்கனுக்கு நீட்டி, சுருதியைத் தொடாமல், அடியில் மெல்லியதாகச் சேர்த்ததும் போனிலும் கல் உரசியது. மொத்த உரப்பு −16 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் உரப்பை அளக்கும் அலகு).

மீட்சிக் காட்சி: மக்கின் இறங்கும் தட்டல், ஜலதரங்கத்தில் நி2 ஒரே ஒரு தரம், பிறகு எல்லாம் வெட்டு. தலங்கமத் தவளைகள் மட்டும் 1.2 செக்கன். அரை செக்கன் வைத்தால் அவசரம், இரண்டு வைத்தால் கேட்பவர் போனைத் திருப்பிப் பார்க்கிறார். அதற்குப் பிறகு, குழாயில்லாமல், “ச்”.