இருமினா முதுகெலும்பு உடையுமா?

உடையும். எங்க பெரியப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைச்சுக்குற நாள்பட்ட நுரையீரல் நோய்), காலம்பூரா பீடி, மூச்சு முட்டும்போதெல்லாம் பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை, ஒருநாள் பலமா இருமினவரு முதுகப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாரு, பெரியம்மா வாயுப்பிடிப்புன்னு தைலம் தேச்சாங்க, எக்ஸ்ரேல பாத்தா நடுமுதுகுல ஒரு எலும்பு முன்பக்கமா நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கு.

ஸ்டீராய்டு, புகை, வெயில் படாம வீட்டுக்குள்ளயே கிடக்குறது எல்லாம் சேந்து எலும்ப அரிச்சிடுது. கொடுமை என்னன்னா இந்த முறிவு பாதிக்கு மேல யாரும் கவனிக்காமலே போயிடும், உயரம் குறைஞ்சு கூன் விழுந்தா ஏற்கனவே திணறுற நுரையீரலுக்கு விரிய இடமும் போச்சு. ஸ்டீராய்டு மாத்திரைய மாசக்கணக்குல எடுக்குறவங்க எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க (அதுல வர்ற டி-ஸ்கோர்ங்கிற அளவு மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்), ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க.

பெரியப்பா இப்போ வாரம் ஒருநாள் வெறும் வயித்துல அலென்ட்ரோனேட்ங்கிற எலும்பு மெலிவு மாத்திரைய போட்டுட்டு அரைமணி நேரம் படுக்கவும் கூடாது காபியும் கூடாது, அந்தக் காபிக்குத்தான் ரொம்ப முனகுறாரு.