பதினேழாவது கேள்விக்கு என் பதில்

பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தப் போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசு அறிவித்த அன்றே எனக்குக் கை பரபரத்தது. அச்சில் இல்லாத பழைய சிறுவர் புத்தகங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கிற சின்னக் குழு எங்களுடையது. உரிமையாளர் யாரென்றே தெரியாமல் அனுமதி வாங்க வழியில்லாததால், ஸ்கேன் செய்ததை யாருக்கும் காட்ட முடியாது என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். 2013 மராகேஷ் உடன்படிக்கையில் எங்கள் நாடும் இருப்பதால் பார்வையற்றவர்களுக்கு ஒலிநூலாகக் கொடுக்க வழி உண்டு. கண் தெரிகிறவர் கேட்டால் கையை விரிக்க வேண்டும்.

ஒரே இரவில் நான்கு பக்கம் எழுதினேன். 1710-இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தில் புதிய புத்தகத்துக்கு 14 ஆண்டுதான் உரிமை, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அதற்கே திரும்புங்கள் என்று முழங்கியிருந்தேன். தெரிந்த வழக்கறிஞர் தம்பி ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். “அண்ணா, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிற நாடு ஆசிரியரின் ஆயுளோடு 50 ஆண்டு என்பதற்குக் கீழே இறங்க முடியாது. அமைச்சரே நினைத்தாலும் நடக்காததைக் கேட்கிறீர்கள். அவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள்.”

அவர்கள் நாற்பத்துச் சொச்சம் கேள்விகள் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவை எனக்குச் சம்பந்தமில்லாதவை. பதினேழாவது மட்டும் என்னுடையது: உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு உரிமம் வழங்க எத்தகைய அமைப்பு வேண்டும், கட்டணம் எப்படி இருக்க வேண்டும்? கேள்வியிலேயே ஒரு முடிவு ஒளிந்திருந்தது. தேடல் சுலபமாக முடிந்துவிடும், அதற்கப்புறம் கட்டணம்தான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேடலில் ஆகிற பாட்டைச் சொல்ல அங்கே கட்டமே இல்லை.

அந்தப் பாடு என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. 61 புத்தகங்களுக்கு யாருக்கு எப்போது கடிதம் போட்டேன், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். 32 பக்கம். பதிப்பகம் எப்போதோ மூடிவிட்டது, கடிதம் திரும்பி வந்தது. ஆசிரியர் பெயர் புனைபெயர். படங்களுக்கு ஓவியருக்குத் தனி உரிமை இருக்கலாம் என்பதால் அவரையும் தேடினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு தூரத்து உறவினர் கிடைத்தார். “பெரியம்மா படம் வரைவாங்கன்னே எனக்குத் தெரியாது. நான் எப்படிங்க அனுமதி தர்றது?” என்றார். நியாயம்தானே.

எழுதி முடித்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதிய வேண்டியதில்லை. பெர்ன் உடன்படிக்கையை 1908-இல் பெர்லினில் திருத்தியபோது உறுதியான விதி அது. அலைந்து திரிந்து பதிய முடியாத எழுத்தாளருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு தேடுகிறவனுக்குப் புரட்டிப் பார்க்க ஒரு பேரேடு கிடையாது. இதையும் அந்த 32 பக்கக் கதையையும் மட்டும் பதிலாக எழுதினேன். சீற்றம் முழுவதையும் அடித்துவிட்டேன். படிவத்தின் எழுத்து வரம்பு வேறு படுத்தியது. ‘கொ’வை அது இரண்டு எழுத்தாக எண்ணும், ‘க்’கையும் இரண்டாகத்தான் எண்ணும். தமிழில் சுருக்கமாக எழுதுகிறவனுக்கும் அது வாயாடிப் பட்டம் கட்டிவிடும்.

இரண்டு மாதம் கழித்து நேரில் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு புகைப்படக்காரர். எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறக்கவே கூடாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க என் கோபம் இறங்கியது. இணையத்தில் ஒரு படம் கைமாறும்போதே அதிலுள்ள பெயர் உதிர்ந்துவிடுகிறது. நேற்று எடுத்த படத்துக்கும் ஒரே வாரத்தில் உரிமையாளர் தெரியாது என்று சொல்லிவிடலாம். எழுபது வருடத்துப் புத்தகத்துக்கு நான் கேட்கிற அதே சலுகை, உயிரோடு கண் முன்னால் நிற்கிற அவருடைய பிழைப்பில் கை வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் இத்தகைய படைப்புகளுக்கு விதி வகுத்தபோது தனிப் புகைப்படங்களைச் சேர்க்காமல் விட்டது ஏன் என்று அன்றுதான் உறைத்தது.

என் முறை வந்ததும் தயாரித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே சொன்னேன்: அச்சில் இல்லாத பழைய நூல்களுக்கு மட்டும் தாருங்கள், உரிமையாளர் வந்து கேட்டால் உடனே எடுத்துவிடுகிறோம். குழுவில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, “ஒரு புத்தகத்துக்குத் தேட எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று கேட்டார். ஏழெட்டு மாதக் கணக்கு என்னிடம் இருந்தது, மணிக்கணக்கு இல்லை. திணறினேன்.

வரைவு மசோதா இப்போது வந்திருக்கிறது. ‘போதிய தேடலுக்குப் பின்’ பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, எது போதிய தேடல் என்று எங்கும் இல்லை. கருத்துச் சொல்ல 30 நாள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆன நேரத்தைத் தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 61-இல் 14 முடிந்திருக்கிறது.