எட்டாவது வாரம்: பாரம் எந்தக் காலில்?

மூன்று வருடமாகப் போட்டோவைப் பார்த்தே வரைந்து பழகியவன் நான். கண், மூக்கு, முடி எல்லாம் அச்சு அசலாக வரும். அந்தத் தைரியத்தில்தான் மாடலை நேரில் பார்த்து வரையும் வகுப்பில் சேர்ந்தேன். முதல் போஸிலேயே தைரியம் போய்விட்டது. அதற்கு 30 விநாடிதான். தலைக்கு ஒரு வட்டம் போட்டு, கண்ணுக்கு இடம் தேடுவதற்குள் அவர் அடுத்த போஸுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பத்துத் தாளில் பத்துத் தலை. உடம்பு ஒன்றுகூட இல்லை.

அடுத்த இரண்டு வாரமும் அதே கதைதான்.

பிறகு பென்சிலை ஓரங்கட்டிவிட்டுக் கரித்துண்டை எடுத்தேன். அதில் கூர் கிடையாது, இமை வரைய ஆசையே வராது. மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கையை வீசி, உச்சந்தலை முதல் பாதம் வரை ஒரே கோடு. அப்புறம் ஒரே கேள்வி: பாரம் எந்தக் காலில்? ஒரு காலில் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும். தோள் பெரும்பாலும் அதே பக்கம் இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், பாரம் தாங்கும் பாதத்தின் பக்கம் வந்து விழும். வீட்டுக்கு வந்து என் பழைய படங்களின் மேல் நூலைப் பிடித்துப் பார்த்தேன். பாதிப் பேர் எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டியவர்கள்!

20 நிமிடப் போஸ் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நிற்பவர் உயிருள்ள ஆள். பத்து நிமிடத்தில் இடுப்பு கொஞ்சம் அமுங்கும், முகவாய் தாழும். நானும் விடாமல் திருத்திக்கொண்டே போனேன். கடைசியில் தலை முதல் நிமிடத்தது, இடுப்பு பத்தாவது நிமிடத்தது, கை பதினெட்டாவது. "எந்த நிமிஷத்து ஆளை வரைஞ்சிட்டிருக்கீங்க?" என்றார் ஆசிரியர். இப்போது முதல் மூன்று நிமிடத்தில் பார்த்த நிலையை மெல்லிய கோட்டில் பிடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் அசைந்தாலும் நான் அசைவதில்லை.

(மாடலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே போஸில் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நாலாவது நிமிடம் தோள் எரிந்தது.)

என்னை அதிகம் அலைக்கழித்தது உட்கார்ந்த போஸ். முழங்கால் நேராக என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் அளந்தால் தொடை ஒரு தலை உயரம்கூட இல்லை. தொடை என்றால் நீளம் என்று மூளை அடம்பிடிக்கிறது. மூன்று முறை நீட்டி வரைந்து அழித்தேன். கடைசியில் தொடையையே பார்க்காமல், கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிந்த முக்கோண வெற்றிடத்தை வரைந்தேன். பிறகு நாற்காலிக்கும் காலுக்கும் இடையே இருந்ததை. நிமிர்ந்து பார்த்தால் தாளில் ஒருவர் முழங்காலை என் பக்கம் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்! போட்டோவைப் பார்த்து வரைந்த எந்தப் படமும் இப்படி என்னைத் திடுக்கிட வைத்ததில்லை.

மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை மட்டும் இன்னும் சரிப்படவில்லை. முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரைக்கும் உள்ள நீளம் இருக்கவேண்டிய கையை, நான் குழந்தைக் கையாகவே போடுகிறேன். அடுத்த வாரம் முகத்தைத் தொடாமல் கைகளை மட்டும் வரையப்போகிறேன்.