புரட்டாசி முடியும் வரை

அக்டோபர் 2, 2023
அவளுக்குக் காய்ச்சல் 103. இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

அக்டோபர் 4
சேர்க்கைப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். தோழி என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க யாரும் வரலையாக்கா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நானும் அவளும் ஏழு வருடமாக ஒரே வீடு, ஒரே சமையல். அவள் அண்ணன் ஓசூரிலிருந்து வந்து கையெழுத்துப் போடும்போது இரவு பதினொரு மணி. வருடத்துக்கு ஒருமுறை போன் செய்கிற அண்ணன்.

அக்டோபர் 6
டெங்குதான். பிளேட்லெட் 38 ஆயிரம்.

அக்டோபர் 7
வராந்தாவில் உட்கார்ந்து அமெரிக்க அறிஞர் மைக்கேல் வார்னரின் புத்தகம் படித்தேன். 1999இல் எழுதியது. ஒருபால் ஜோடிகளுக்கான திருமண உரிமையையே போராட்டத்தின் இலக்காக வைக்காதீர்கள் என்கிறார். திருமணம் சில ஜோடிகளைக் கௌரவப்படுத்தும்போதே மற்ற எல்லோரையும் ஒருபடி கீழே இறக்கிவிடுகிறதாம். படித்ததும் கோபம் வந்தது. இந்த நாற்காலியில் மூன்று இரவு உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும்.

இரவு. கோபம் போகவில்லை, ஆனால் அவர் சொல்வது பொய்யும் இல்லை. எங்கள் வார்டைப் பெருக்கும் அக்காவைக் கணவன் விட்டுப்போய்ப் பத்து வருடம். நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் அந்தக் கட்டத்தில் அவன் பெயர்தான் வரும். அவளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக் கிழவியின் பெயர் வராது. எனக்கு ஒரு தாலி கிடைத்தால் அந்தக் கிழவிக்கு என்ன ஆகும்?

அக்டோபர் 9
அம்மா போன். "புரட்டாசி முடியட்டும், ஐப்பசியில அந்த வரனைப் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழறதுதாம்மா இயற்கை, இதுல பேச என்ன இருக்கு?" அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 10
61 ஆயிரம். கஞ்சி குடித்தாள்.

அக்டோபர் 12
அம்மாவின் 'இயற்கை' மனதைவிட்டுப் போகவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் கேல் ரூபின் 1984இல் ஒரு வட்டம் வரைந்து, சமூகம் சரி என்று ஏற்கும் உறவு எது என்று காட்டினார். ஆண்-பெண், கல்யாணம், ஒரே துணை, பிள்ளைப்பேறு இதெல்லாம் வட்டத்துக்குள்ளே. மீதி எல்லாம் வெளியே. கோடு எங்கே போடுவது என்றுதான் ஒவ்வொரு காலத்திலும் சண்டை. இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வந்தது. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.' ஏமாற்று வந்த பிறகு பெரியவர்கள் உண்டாக்கியதுதான் சடங்கு. பள்ளியில் மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம்.

தாத்தாவும் பாட்டியும் மாலை மாற்றிக்கொண்டது 1961இல். ஐயர் இல்லை, தீ இல்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 1950களிலேயே சொல்லியிருந்தது. அம்மா பிறந்தது 1963. அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்து, பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது. அதுவரை அம்மா, சட்டத்தின் கண்ணில், கல்யாணமாகாதவர்களின் மகள். பாட்டி அந்த வருடங்களில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பாள்? கேட்க இப்போது பாட்டி இல்லை.

அக்டோபர் 13
வீட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் தாளிலும் அண்ணன் கையெழுத்து.

அக்டோபர் 16
ஒருபால் திருமண வழக்கில் நாளை தீர்ப்பாம். மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒத்திவைத்தது. அவள் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 17
திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனம். சேர்ந்து வாழ்வதற்காவது ஒரு அங்கீகாரம் தரலாம் என்றவர்கள் இரண்டு பேர், முடியாது என்றவர்கள் மூன்று பேர். நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டுமாம். நேரலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் சாத்துக்குடி உரித்தாள். வார்னரை ஒத்துக்கொண்டேதான் அழுதேன். கேட்டிருக்கவே வேண்டாத ஒன்று கிடைக்கவில்லை என்று இவ்வளவு வலிக்குமா?

அக்டோபர் 19
ஐப்பசி பிறந்துவிட்டது. அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். 1961இலிருந்து ஆரம்பித்துச் சொல்லப்போகிறேன். தாத்தா-பாட்டி மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21
அவளுக்கு மறுபடி உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டரை எங்கே வைத்தேன்