நாப்பத்தோராவது இலை

இருக்கன்குடி காதுகுத்து முடிஞ்சு நாலு நாளாச்சு. சித்தப்பா கையில இன்னும் கறிக்குழம்பு வாடை போகலைன்னு சித்தி சொல்லிக்கிட்டே இருக்கா. எலுமிச்சம்பழம், சீயக்காய், கடைசியில பாத்திரம் தேய்க்கிற பவுடர் வரைக்கும் போட்டாச்சு. எச்சில் இலை நாப்பத்தி ஒண்ணைப் பிரிச்சுப் பாத்த கை. வாடை அவ்வளவு லேசுல போயிருமா?

அலைனர்னா கோணப்பல்லை வரிசையாக்கப் பல்லு மேல மாட்டிக்கிற மெல்லிசான பிளாஸ்டிக் உறை. குட்டி பந்தியில உக்காந்ததும் மேல் பல்லு அலைனர், கீழ்ப் பல்லு அலைனர் ரெண்டையும் கழட்டி டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு இலைக்குப் பக்கத்துல வச்சிருக்கா. அதுக்குன்னு குடுத்த டப்பா கார்ல இருக்கு. கார் கோயிலுக்கு அந்தப் பக்கம் நிக்குது. மத்தியான வெயில்ல அங்க போய் வர யாருக்கு மனசு வரும்? மூணு தடவை சோறு வாங்கி, ரசத்தைக் கையில ஏந்திக் குடிச்சு, இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா. இலை எடுக்கிற பையன் டிஷ்யூவையும் சேத்துச் சுருட்டிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. எச்சில் இலை பக்கத்துல கசங்கின காகிதம் கிடந்தா, உள்ள அம்மாவோட ரெண்டு வளையல் விலை இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

பல்லு கிளினிக்ல வேலை பாக்கிற யாரை வேணா கேளுங்க. அலைனர் தொலையுறதுக்கு அவங்க சொல்ற மொதக் காரணம் டிஷ்யூ பேப்பர், ரெண்டாவது காரணம் நாய். எச்சில் வாடைக்கு நாய்க்கு அது அல்வா மாதிரி. குட்டிக்கு ரெண்டு காரணமும் ஒரே நாள்ல, முக்கால் மணி நேர இடைவெளியில நடந்துச்சு.

கையைக் கழுவி, ஐஸ்க்ரீம் வாங்கித் தின்னு, மொட்டை போட்ட மாப்பிள்ளையோட பத்துப் போட்டோ எடுத்தப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கு. அதுக்குள்ள இலையெல்லாம் பின்னாடி குவிஞ்சு, அது மேல ரெண்டு மாடு சாஞ்சு நிக்குது. சித்தப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. பாங்க் மேனேஜர், இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு. நாப்பத்தோராவது இலையில கீழ் அலைனர் கெடைச்சுச்சு, மேல எலும்புத்துண்டு ஒட்டிக்கிட்டு. மேல் அலைனர் அவர் கண் முன்னாடியே ஒரு செவலை நாய் வாயில போய்க்கிட்டு இருந்துச்சு. தொரத்தினாரு. நாய் நின்னு திரும்பிப் பாத்து அலைனரை ஒரு கடி கடிச்சுட்டு ஓடிருச்சு. "சும்மா சொல்லக்கூடாது, நாய்க்குப் பல்லு வரிசையாத்தான் இருந்துச்சு"ன்னு சின்ன மாமா சொன்னதுக்கு, சித்தப்பா இன்னும் அவர்கூடப் பேசலை.

இதுல ஆச்சிக்கு விளங்காதது ஒண்ணே ஒண்ணு. "அடுத்தது ஒன்பதாம் நம்பர், பத்தாம் நம்பருன்னு டப்பாவுல வரிசையா வச்சிருக்கால்ல? அடுத்ததை எடுத்து மாட்ட வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். ஆனா அங்கதான் சூட்சுமமே இருக்கு. ஒரு செட் போட்டா பல்லு மிஞ்சிப் போனா கால் மில்லிமீட்டர் நகரும். கல்யாணப் பத்திரிகை அட்டையோட தடிமன் அளவுன்னு வச்சுக்கோங்க. குட்டிக்கு மொத்தம் இருவத்தி நாலு செட், ஒண்ணு பத்து நாளைக்கு. ஆக எட்டு மாசம். ஒன்பதாம் நம்பர் அலைனர் செஞ்சிருக்கறது, எட்டாம் நம்பர் முடிச்சு வச்ச பல்லுக்கு. எட்டாம் நம்பர்ல மூணாவது நாள்தான் அவ நின்னா. நாள் முக்கால்வாசி முடிஞ்சிருந்தா டாக்டர் அடுத்ததுக்குத் தாவச் சொல்லலாம். மூணாவது நாள்ல தாவினா அது பல்லுல ஒக்காராது. அதனால ஏழாம் நம்பருக்குத் திரும்பணும், டாக்டருக்குப் போன் போடணும், புதுசா ஒண்ணு செஞ்சு வரணுமா இல்ல ஏழாம் நம்பரையே கூட ரெண்டு நாள் போட்டுட்டுத் தாவலாமான்னு அவங்க சொல்லணும். எது நடந்தாலும் வாயைக் காலியா மட்டும் விடக்கூடாது. நகத்தின பல்லு ரெண்டே நாள்ல பழைய வீட்டைத் தேட ஆரம்பிச்சுரும்.

ஏழாம் நம்பர் எங்கன்னு கேட்டா குட்டி முழிக்கிறா. முடிஞ்ச செட்டைத் தூக்கிப் போடாதன்னு மொத நாளே கிளினிக்ல சொன்னாங்க. நல்லவேளை, சித்தி சங்கீதா ஓட்டல் ஸ்வீட் டப்பாவுல எல்லாத்தையும் போட்டு பீரோவுல பூட்டி வச்சிருந்தா. சித்தி எதையும் தூக்கிப் போட மாட்டா. 2009-லேருந்து வந்த கரண்ட் பில்லு அந்த பீரோவுலதான் இருக்கு.

கெடைச்ச கீழ் அலைனரைப் பச்சைத் தண்ணியில கழுவி, சோப்புப் போட்டு மெத்து பிரஷ்ஷால தேய்ச்சு, கீறல் விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாத்தாச்சு. இங்க பெரியம்மா ஒரு யோசனை சொன்னாங்க: "கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிசம் போடு, கிருமியெல்லாம் செத்துரும்." சத்தம் போட்டுத் தடுக்க வேண்டியதாப் போச்சு. அலைனர், சூட்டுல எளக்கி அச்சு மேல படிய வச்ச பிளாஸ்டிக் தகடு. முக்கால் மில்லிமீட்டர் கனம்தான். சூடு பட்டா திரும்ப எளகும். அப்புறம் அது யார் பல்லுக்கும் சேராது. அதனாலதான் அதைப் போட்டுக்கிட்டுக் காப்பி குடிக்கக் கூடாதுங்கறது. கறைக்காக மட்டும் இல்ல. பேஸ்ட் போட்டும் தேய்க்கக் கூடாது, பொடிக்கீறல் விழுந்து மங்கலாயிரும்.

காப்பின்னதும் ஞாபகம் வருது. இருவத்திரண்டு மணி நேரம் போடணும்னு டாக்டர் சொன்னப்ப எல்லாரும் தலையாட்டினோம். மிச்சம் ரெண்டு மணி நேரம், நூத்தி இருவது நிமிசம். நம்ம வீட்டுல அந்தக் கணக்கு எப்படி ஒத்து வரும்? காலையில காப்பி பதினஞ்சு நிமிசம், பேப்பர் படிச்சா இருவது. இட்லி அரை மணி நேரம். பதினோரு மணிக்கு யாராவது வருவாங்க, டீயும் காராச்சேவும். மத்தியானச் சாப்பாடு முக்கால் மணி. நாலு மணிக்கு வடை. வடை இருந்தா மறுபடி காப்பி. ராத்திரி தோசை, கடைசி தோசை வர்ற வரைக்கும் அடுப்படியில பேச்சு. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் பல்லு தேய்ச்சுட்டுத்தான் மாட்டணும். இல்லாட்டிச் சாப்பாட்டுத் துணுக்கையும் சர்க்கரையையும் பல்லோட சேத்து மூடி வச்ச கணக்குதான், சொத்தை விழும். கூட்டிப் பாத்தா மூணரை மணி நேரம் தாண்டுது. பச்சைத் தண்ணி ஒண்ணைத்தான் கழட்டாம குடிக்கலாம். பச்சைத் தண்ணி குடிச்சே வாழ்ற வீடா நம்ம வீடு?

கணக்குல ஏமாத்தினா உடனே தெரியாது. ரெண்டு செட் கழிச்சுத்தான் தெரியும். முன்பல்லு ரெண்டுக்கும் பக்கத்துல ஒண்ணு ஒண்ணு சின்னதா இருக்கும் பாருங்க, பெரும்பாலும் அதுதான் மொதல்ல பின்தங்கும். அலைனரோட விளிம்புக்கும் பல்லு நுனிக்கும் நடுவுல காத்து போற மாதிரி ஒரு இடைவெளி தெரியும். அதுக்குத்தான் கடிக்கிற உருளைன்னு மெத்துனு ஒரு குட்டித் துண்டு குடுக்கறாங்க. புதுசு மாட்டினதும் ஒவ்வொரு பல்லா வச்சு அஞ்சு பத்து நிமிசம் அழுத்திக் கடிக்கணும். ஆச்சி அதைப் பாத்துட்டு, "என்னடி, மாடு அசை போடுற மாதிரி"ன்னாங்க. அப்படியும் ஒக்காரலைன்னா அடுத்ததுக்குப் போகாம அதே செட்டை இன்னும் கொஞ்ச நாள் போடணும். அதுக்கும் மசியலைன்னா மறுபடி வாயை ஸ்கேன் பண்ணி மிச்சத்துக்குப் புது செட்டு. அது பலபேருக்கு நடக்கறதுதான். "இருவத்தி நாலோட முடிஞ்சுரும்"னு நாள் குறிச்சு நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடிக்காம இருக்கறது நல்லது.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் மனசுல ஏறாததுக்குக் காரணம் அந்த வீடியோ. ஆரம்பத்துல வாய்க்குள்ள ஒரு கேமராக் குச்சியை விட்டு ஸ்கேன் எடுத்து, கோணப்பல்லு ஒண்ணொண்ணா நகர்ந்து வரிசையாகற மாதிரி கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினாங்கல்ல? இருவது செகண்டுல எல்லாம் முடிஞ்சுரும். அதைத்தான் நாலு குடும்ப குரூப்புலயும் அனுப்பி வச்சாரு. படத்துல நகர்ற பல்லுக்கு எலும்பு கிடையாது. நிஜத்துல அழுத்தம் படற பக்கம் எலும்பு கரையணும், விட்டுட்டுப் போன பக்கம் புது எலும்பு வளரணும். அது அரசாங்க ரோடு போடுற வேகத்துலதான் நடக்கும்.

இந்த வித்தைக்குப் பின்னாடி இருக்கற ஆளுக பல்லு டாக்டர் கிடையாதுங்கறதுல சின்ன மாமாவுக்கு ஒரு அற்ப சந்தோஷம். 1997-ல கலிபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு மாணவங்க ஜியா சிஷ்டியும் கெல்சி விர்த்தும் ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்விசலைன்ங்கற அலைனரைக் கொண்டு வந்துச்சு. சிஷ்டி பெரியாளானப்புறம் கம்பி போட்டுப் பல்லைச் சரி பண்ணிக்கிட்டவரு. மொளகாத் தூள் மில்லு நடத்துற மாமா, "பாத்தியா, படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ங்கறாரு. ஆனா யார் கண்டுபிடிச்சாலும், எந்தப் பல்லை எப்ப நகத்துறதுங்கறதைப் பாக்கறவங்க அஞ்சு வருசம் பி.டி.எஸ்., அதுக்கு மேல மூணு வருசம் பல் சீரமைப்புக்குன்னே எம்.டி.எஸ். படிச்சவங்களா இருந்தா நல்லது. வீட்டுல இருந்தபடியே தபால்ல வாங்கி மாட்டிக்கலாம்னு அமெரிக்காவுல பெருசா நடந்த கம்பெனி ஒண்ணு, 2023 டிசம்பர்ல இழுத்துப் பூட்டிட்டாங்க. பாதிப் பல்லோட நின்னவங்க நிலைமையை மாமாகிட்ட சொன்னா பேச்சை மாத்துவாரு.

குட்டியோட கோரைப்பல்லுலயும் பக்கத்துப் பல்லுகள்லயும் பல்லு நிறத்துல பரு பருவா ஒட்டியிருக்காங்களே, அதைப் பத்தி ஆச்சிக்கு இன்னும் கவலை. உருண்டையான பல்லைத் திருப்பணும்னா வழுவழு பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கெடையாது, ஈரக்கையால ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி திறக்கிற கதைதான். அந்தப் பருவுதான் பிடி. பல்லை ஆசிட் ஜெல் வச்சுக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, பல்லு அடைக்கிற பசையை அச்சுல வச்சு ஒட்டி, நீல லைட்டு அடிச்சு இறுக்குவாங்க. வலிக்காது. ஆனா அதுக்கப்புறம் மொத தடவை கழட்டறப்ப வீடே அதிரும். முன்பல்லுலேருந்து இழுத்தா வராது. கடைவாய்ப் பல்லோட உள்பக்கம் விரலை விட்டு ரெண்டு பக்கமும் கிளப்பி, அப்புறம்தான் முன்னாடி வரணும். நகம் நீளமா இருந்தா ஒடையும். மஞ்சப்பொடி போட்ட கொழம்பு அந்தப் பருவைச் சுத்தி லேசா மஞ்சளாக்கும், அதுக்கு நம்ம ஊருல தப்பவே முடியாது.

பல்லுக்கு எடம் பத்தாம ரெண்டு பல்லு நடுவுல சன்னமா ராவினதைத்தான் ஆச்சி மன்னிக்கவே இல்லை. ஒரு சந்துக்கு 0.2-லேருந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ளதான் எடுப்பாங்க, எனாமலைத் தாண்டாதுன்னு எத்தனையோ சொல்லியாச்சு. "நல்ல பல்லை யாராச்சும் அரம் போட்டு ராவுவாங்களா?" ஆச்சிக்குச் சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்லை. அதனால பேச்சு அதோட நின்னுரும்.

புது செட் மாட்டின ரெண்டு நாள் வலியும் முறுக்கு கடிக்க முடியாத எரிச்சலும் வழக்கமானதுதான். ராத்திரி படுக்கப் போறப்ப மாத்தினா வலி பாதி தூக்கத்துல போயிரும். மொத வாரம் குட்டி "ஸித்தப்பா, ஸோறு"ன்னு பேசினதும் அப்படித்தான். சத்தம் போட்டு வாசிச்சா நாக்கு பழகிரும். பழகிருச்சு. சின்ன மாமா மட்டும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாரு.

காதுகுத்துல இருந்து வந்த அன்னைக்கு ராத்திரி ஆச்சிதான் கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. "எல்லாம் முடிஞ்சப்புறம் இதைக் கழட்டிப் போட்டுரலாமா?" முடியாது. நகர்ந்த பல்லை அதே எடத்துல தங்க வைக்கிறதுக்குன்னு வேற ஒண்ணு குடுப்பாங்க, மொதல்ல பல மாசம் நாள் முழுக்க, அப்புறம் ராத்திரி மட்டும். எத்தனை வருசத்துக்கு? பல்லு இருக்கற வரைக்கும்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசலை. பதினாலு வருசமா ராத்திரி பல்லு செட்டைக் கழட்டி எவர்சில்வர் டம்ளர் தண்ணியில போட்டுட்டுத்தான் படுக்கறாங்க. திருப்பதி, ராமேஸ்வரம், மூணு பிரசவம், ரெண்டு சாவு வீடு, எங்கயும் ஒரு தடவைகூட அதைத் தொலைச்சதில்லை. குட்டி ராத்திரி ஆனா மாட்டணும், ஆச்சி ராத்திரி ஆனா கழட்டணும்.

மறுநாள் விடியக்காலை கொடியில ஆச்சியோட சுருக்குப்பை காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சோப்புப் போட்டுத் துவைச்சும் சுண்ணாம்புக் கறை மட்டும் போகலை. காத்து போற ஓட்டை வச்ச அந்த அலைனர் டப்பா அதுல கச்சிதமா உக்காருது. இப்ப தட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே ஆச்சி குட்டி முன்னாடி கையை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க. "கழட்டிக் குடு." வாங்கி டப்பாவுல போட்டு, டப்பாவைப் பையில போட்டு, சுருக்கை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டு, கடியாரத்தைப் பாத்துக்கிட்டே பக்கத்துல உக்காந்துக்கறாங்க. நேத்து இட்லிக்கு இருவத்தி ஆறு நிமிசம் ஆச்சாம். ரெண்டாவது காப்பி கெடைக்கலை.

வெத்தலையும் பாக்கும் ஜவுளிக்கடை கவர் ஒண்ணுல, ரப்பர் பேண்டு போட்டு ஜன்னல்ல கெடக்கு.